எழுபத்திரண்டு டிகிரி மாவு

படிக்கலண்ணே. பன்னெண்டாவது பாதியில நின்னுட்டேன். உடனே மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. வீட்டுல கஷ்டம்லாம் இல்ல. வாத்தியார் யாரும் அடிக்கல. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். இதைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ஏதாவது சோகக் கதை இருக்கும்னு காத்துக்கிட்டே இருக்காங்க. இல்லாத சோகத்துக்கு நான் எங்க போறது?

மடியில இருக்கிற டப்பாவா? ஃபேன். வீட்டுல மாட்டுறதுக்கு இல்ல. எங்க ஊர்க் குளிர்ல ஃபேன் மாட்டினா பைத்தியம்னு சொல்லுவாங்க. இது கிராபிக்ஸ் கார்டுக்கு. பழைய ஃபேன் ஒண்ணு கீச்சு கீச்சுன்னு கத்துது. கோயம்புத்தூர் வரைக்கும் போய் வாங்கிட்டு வர்றேன். நீங்க ஊட்டியா? நான் அரவேணுல இறங்கிடுவேன். பஸ் இன்னும் குஞ்சப்பனைக்கே வரல, நேரம் இருக்கு. கேட்டதுக்காகச் சொல்றேன். கேக்கலன்னாலும் சொல்லியிருப்பேன், அது வேற விஷயம்.

கார்டுன்னா கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற பலகைண்ணே. கேம் விளையாடுறவங்க படம் தெளிவாத் தெரியணும்னு போடுவாங்க. அதுக்குக் கணக்குப் போடுற தெம்பு ஜாஸ்தி. அதை வச்சு கிரிப்டோ காசுக்கு மைனிங் பண்ணலாம். உலகம் பூரா இருக்கிற மெஷினெல்லாம் ஒரே புதிருக்கு விடை தேடும். கோடிக் கோடித் தடவை தப்பாச் சொல்லும், எப்பவாவது ஒரு தடவை சரியாச் சொல்லும். சரியாச் சொன்னா துளி காசு. நான் பள்ளிக்கூடத்துல செஞ்சதும் இதேதான். அங்க காசு குடுக்கல.

ஸ்கூலை விட்டதும் கேரட் கழுவுற மெஷின்ல ரெண்டு மாசம் நின்னேன். கை மரத்துப் போற தண்ணி. அந்தக் காசுல வாங்கினதுதான் கார்டு. செகண்ட் ஹேண்ட். மூடிப்போன கேம் சென்டர்ல ஏழு வருஷம் ஓடினது. கம்ப்யூட்டர் மீதிப் பாகமெல்லாம் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் தூக்கிப் போட இருந்தது, நான் தூக்கிட்டு வந்தேன். எல்லாம் சேர்ந்தாலும் பார்க்க பழைய இரும்பு வாங்குற ஆக்கர் கடை மாதிரிதான் இருக்கும். ஆனா ஓடும்.

எங்க அப்பா டீ பேக்டரில பாய்லர் பார்க்கிறார். சந்தனம்னு பேரு. பேசவே மாட்டார். பேசினா முடிவாத்தான் இருக்கும். கார்டைப் பார்த்தார், சுத்திச் சுத்திப் பார்த்தார், இது என்ன தின்னும்னு கேட்டார். கரண்டுன்னேன். எவ்வளவுன்னார். உண்மையச் சொன்னேன். பொய் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, அப்புறம் அதை ஞாபகம் வேற வச்சுக்கணும்.

அப்பா ஒரே ஒரு கண்டிசன் போட்டார். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் ரீடிங் எடுக்க வருவாங்கல்ல, அடுத்த ரீடிங்ல ஐந்நூறு யூனிட் தாண்டக் கூடாது. ஐந்நூறு தாண்டினா ரேட்டே மாறிடும், உங்களுக்குத் தெரியாததா. தாண்டலன்னா நான் வீட்டுல இருந்து இந்தக் கம்ப்யூட்டர் வேலையப் பார்க்கலாம், அவர் வாயே திறக்க மாட்டார். தாண்டினா மேட்டுப்பாளையத்துல எங்க தயாளன் மாமா உருளைக்கிழங்கு மண்டிக்குப் போயிடணும். அங்கேயே தங்கி மூட்டைக்கு நம்பர் எழுதுற வேலை. மாமா நல்லவர்தான். ஆனா காலைல நாலு மணிக்கு எழுப்பி, எழுந்தவன்கிட்ட கைகுலுக்குவார். என்னால அது முடியாதுண்ணே.

எங்க வீட்டுக்குச் சாதாரணமா இருநூத்தி எழுபது வரும். அதுலயே அம்மாவோட கிரைண்டர் இருக்கு. அம்மா இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க, விசேஷம்னா இட்லியாவே ஊத்திக் குடுப்பாங்க. மேகலா மாவுன்னா அரவேணுல எல்லாருக்கும் தெரியும். அப்போ எனக்கு மிச்சம் இருநூத்தி முப்பது யூனிட். அதுக்குள்ள ரெண்டு மாசம் ராப்பகலா ஓட்டணும். சும்மா மாட்டி ஓட்டினா தாண்டிடும். அதனாலதான் டியூனிங், வேகம் குறையாம கார்டு தின்னுற கரண்டை மட்டும் குறைக்கிற வேலை.

மெஷினை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சப்ப அம்மாவே வந்து, பின்னாடி ரூம்ல இருக்கிற பழைய இரும்பு அலமாரில வையேன், தூசி படாதுன்னு சொல்லுச்சு. கீழ்த்தட்டைக் காட்டி, இதுல வை, மேல இருக்கிற தட்டு எனக்கு வேணும்னுச்சு. பாத்திரம் வைக்கப் போகுதுன்னு விட்டுட்டேன். கதவை மட்டும் மூடாதம்மா, காத்து போகணும்னு சொன்னேன். சரி சரின்னுச்சு.

முதல் மாசம் முழுக்க எனக்கு ஒரே தலைவலி. பகல்ல கார்டு எழுபத்திரண்டு டிகிரில நிக்கும். காலைல எந்திரிச்சு ராத்திரிக் கணக்கை எடுத்துப் பார்த்தா எண்பத்தி ரெண்டு, எண்பத்தி மூணு. குளிர் ஏற ஏற சூடு குறையணும்ல? இங்க ஏறுது. ராத்திரி எட்டரைக்கு ஏற ஆரம்பிக்கும், விடியக்காலைல அஞ்சுக்கு இறங்கும். தினமும். அலாரம் வச்ச மாதிரி. சூட்டை இழுக்கிறதுக்குச் சிப்பு மேல தடவுற பேஸ்டைத் துடைச்சு மாத்தினேன். மறுபடி மாத்தினேன். ஃபேனைக் கழட்டி எண்ணெய் விட்டேன். இன்டர்நெட்ல நாப்பது பேர்கிட்ட கேட்டேன், நாப்பது பேரும் நாப்பது சொன்னாங்க. ஒருத்தன் பேய்னு எழுதினான்.

எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருக்கலாம்தான். நான் ஒம்பது மணிக்கு எந்திரிக்கிற ஆளுண்ணே. ராத்திரி சாப்பிட்டா அப்படியே போனோட போர்வைக்குள்ள. பின்னாடி ரூம் ஐஸ் மாதிரி இருக்கும். யார் போறது?

கடைசியில முப்பத்தி எட்டாவது நாள் டியூனிங் சரியா உட்கார்ந்துச்சு. எப்படின்னு சொல்றேன், இது கொஞ்சம் நல்லா இருக்கும். இந்த வேலைக்கு கார்டோட மூளை வேகமா ஓட வேண்டியதில்ல, ஞாபகம்தான் வேகமா ஓடணும். பரீட்சை மாதிரிதான். அதனால மூளையோட வேகத்தைக் குறைச்சேன், அதுக்குப் போற வோல்டேஜைக் குறைச்சேன், மெமரியை மட்டும் ஏத்தினேன். ஒரேயடியாக் குறைச்சா நின்னுடும். ஒரேயடியா ஏத்தினா ஸ்கிரீன்ல கோலம் போட ஆரம்பிச்சிடும். அஞ்சு அஞ்சாக் குறைக்கணும், பத்து நிமிஷம் காத்திருக்கணும், நிக்கலன்னா இன்னும் அஞ்சு. எனக்குப் பொறுமை இல்லன்னு சொன்னேன்ல, இதுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துச்சு. பதினோரு தடவை செத்துச்சு. பன்னெண்டாவது தடவை சாகாம ஓடுச்சு.

நூத்தி முப்பது வாட்ஸ் தின்னுட்டிருந்த கார்டு எண்பத்தஞ்சுல ஓடுது. அதே வேகம். ஸ்கிரீன்ல வேகம் காட்டுற நம்பர் முன்னாடியும் இருபத்தொம்பது, இப்பவும் இருபத்தொம்பது. சூடு வெறும் அம்பத்தி நாலு. தொட்டா இதமா இருக்கு. கணக்குப் போட்டேன், ரீடிங் அன்னைக்கு நானூத்தித் தொண்ணூறு வரும். மண்டிக்குப் போக வேண்டியதில்ல. அன்னைக்கு நான் தூங்கின தூக்கம் இருக்கே.

விடியக்காலைல அம்மா எழுப்புச்சு. போர்வையப் பிடுங்கி.

"டேய் நிரோஷா, உன் மெஷின் செத்துப்போச்சா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவு மூடியிருக்கு. திறந்தா மேல்தட்டுல மூணு பெரிய தூக்குச் சட்டி, ஒவ்வொண்ணும் என் இடுப்பு அகலம். கீழ என் மெஷின் அழகா ஓடிட்டிருக்கு. ஸ்கிரீன்ல இருபத்தொம்பது.

"நல்லாத்தானம்மா ஓடுது."

"அப்புறம் ஏன்டா சில்லுன்னு இருக்கு?"

நான் பெருமையாச் சொல்றேன், "சூட்டைக் குறைச்சிட்டேம்மா. ஒரு மாசமாப் போராடி."

அம்மா ஒரு சட்டிய இறக்கி என் முன்னாடி வச்சுச்சு. "உன்னை யார்டா குறைக்கச் சொன்னது?"

அப்பத்தாண்ணே எல்லாம் வெளிய வந்துச்சு. எங்க ஊர்ல மார்கழி, தை குளிர்ல மாவு பொங்காது. தெரியும்ல, நீங்களும் மலைக்காரர்தானே. அம்மா வருஷா வருஷம் சட்டிக்குக் கம்பளி சுத்தும், அடுப்பு பக்கத்துல வைக்கும், என்னென்னமோ பண்ணும், பாதி நாள் அப்படியே பசை மாதிரி கிடக்கும். குளிர்காலத்துல ஆர்டரே எடுக்காது. இந்த வருஷம் நான் மெஷின் மாட்டின மறுநாளே கண்டுபிடிச்சிடுச்சு. நான் போர்வைக்குள்ள போனதும் சட்டிய வச்சுக் கதவைச் சாத்துறது, நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டுத் திறந்து வைக்கிறது. ஒரு மாசம்! நான் இங்க பேஸ்ட் மாத்திட்டிருக்கேன்.

எனக்குக் கோபம் வந்துச்சா இல்லையான்னு கேக்குறீங்களா? வந்துச்சு. என் கார்டை அடுப்பு மாதிரி வச்சிருக்காங்க. சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லலன்னு கேட்டேன். சொன்னா நீ வேண்டாம்பேன்னுச்சு. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், அது உண்மைதான்.

ஆனா அன்னைக்கு கோபத்துக்கு நேரம் இல்ல. அன்னைக்குன்னு பார்த்து எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு காதுகுத்து, நானூறு இட்லி ஆர்டர். குளிர்காலத்துல அம்மா தைரியமா எடுத்த முதல் பெரிய ஆர்டர். மாவு சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்திருக்கு. ஒரு ஈடு ஊத்திப் பார்த்துச்சு. இட்லி இல்ல அது, கேரம் காய். கடைசியில நான் ஓடிப்போய்க் கடைக்காரரை எழுப்பி ரவை வாங்கிட்டு வந்து, அண்டா நிறைய உப்புமா. காதுகுத்து வீட்டம்மா மூஞ்சிய நீங்க பார்த்திருக்கணும். தாய்மாமன் சீரோட வந்து உட்கார்றார், இலையில உப்புமா. காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க, என் பிள்ளைக்குக் காதுகுத்தினப்போ மேகலா உப்புமா போட்டான்னு. அதை அந்தம்மா அப்பவே சொல்லிக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு.

அம்மா வீட்டுக்கு வந்து கிரைண்டர் கல்லைக் கழுவுச்சு. கழுவின கல்லையே மறுபடி கழுவுச்சு. தையில அடுத்தடுத்து மூணு ஆர்டர் பேசி வச்சிருந்துச்சு, மூணு வீட்டுக்கும் போன் பண்ணி வேற ஆளைப் பார்த்துக்கோங்கன்னு சொல்லப் போறேன்னு போனை எடுத்துச்சு.

இருன்னு சொன்னேன்.

யாரும் சொல்லலண்ணே, நானேதான் சொன்னேன். பின்னாடி ரூமுக்குப் போய் பன்னெண்டு தடவை கஷ்டப்பட்டுக் குறைச்சதை ஒரே தடவைல ஏத்தினேன். எழுபத்திரண்டு. மனசே வரல. வெண்ணெய் மாதிரி ஓடிட்டிருந்த கார்டு, மறுபடி பேய் மாதிரி இரைய ஆரம்பிச்சிடுச்சு. யூனிட்டும் ஏறும், அதுவும் தெரியும். அதனால பகல்ல நிறுத்திட்டு சாயங்காலத்துல இருந்து காலைவரைக்கும் மட்டும் ஓட்டலாம்னு முடிவு பண்ணேன். அப்படி ஓட்டினா ஐந்நூறுக்குள்ளதான் வரும். மைனிங் பாதியாப் போயிடும், போகட்டும்.

மாவு எப்படிப் பொங்குச்சுங்கிறீங்க! மூடியத் தள்ளிட்டு வெளிய வந்துச்சு. ஒரு நாள் என் மதர்போர்டு மேலயே வழிஞ்சுச்சு. டூத் பிரஷ் வச்சு சுரண்டி எடுத்தேன், உளுந்து வாசனை இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் சட்டிக்கு அடியில தாம்பாளம் வைக்கிறோம்.

ஆனா அம்மா இருக்கே, ஒரு விஷயம் நல்லா நடந்தா அதோட விடாது. குளிர்ல நல்ல மாவு கிடைக்குதுன்னு கட்டபெட்டுல இருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க. சாயங்காலம் ஒரு தடவை அரைச்சது போய், மத்தியானமும் அரைக்க ஆரம்பிச்சிடுச்சு. மத்தியான மாவுக்கும் சூடு வேணும்ல? பகல்லயும் போடுன்னுச்சு. நான் யூனிட் கணக்கைச் சொன்னேன், மண்டியச் சொன்னேன். மாவுக்கைய முந்தானைல துடைச்சுக்கிட்டே, அதெல்லாம் பார்த்துக்கலாம், நீ போடுன்னுச்சு. போட்டேன். என்ன பார்த்துக்கும்னு எனக்குத் தெரியல.  தினமும் போய் மீட்டரைப் பார்ப்பேன். மீட்டரைப் பார்த்தா நிக்கவா போகுது?

ரீடிங் அன்னைக்கு ஐந்நூத்தி முப்பத்தி ஏழு.

தாண்டின முப்பத்தி ஏழுல என் கார்டு குறைவுதான், கிரைண்டர்தான் ஜாஸ்தி. நான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். அப்பா பேப்பரை வாங்கவே இல்ல. டீ குடிச்சுட்டே, தாண்டிடுச்சான்னு கேட்டார். தாண்டிடுச்சுன்னேன். துணிய எடுத்து வைன்னார். அவ்வளவுதான். கத்தலாம் இல்ல. கத்தினா நானும் கத்தியிருப்பேன். நான் பைய எடுத்து ரெண்டு பேண்ட் வச்சேன், ஸ்வெட்டரை எடுத்து, மேட்டுப்பாளையத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர்னு திரும்ப வச்சேன்.  

அம்மா அடுப்படில இருந்து வந்துச்சு.

"அவன் போனா மெஷினை யார் பார்க்கிறது?"

அப்பா சொன்னார், "மெஷின் எதுக்கு? உனக்கு வேண்டியது சூடுதானே. அலமாரிக்குள்ள ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்க விட்டா அதே சூடு வரும். நாளைக்கு நானே மாட்டித் தர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அப்பா சொல்றது கரெக்ட். பாய்லர்காரர்ல. வாட்ஸ்னா வாட்ஸ்தான், கார்டு தின்னாலும் பல்பு தின்னாலும் சூடு ஒண்ணுதான். இது எனக்கே முதல் நாளே தோணியிருக்கணும், தோணல. கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அம்மா அசரவே இல்ல. "பல்புச் சூட்டுல மாவு கசக்கும்."

"கசக்குமா?"

"கசக்கும்."

அப்பா அம்மாவையே பார்த்துட்டிருந்தார். அம்மா டம்ளரைப் பார்த்துட்டிருந்துச்சு.  எனக்கு டெக்னிக்கலா அப்பாவுக்கு சப்போர்ட் பண்ணணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை பண்ணல. அப்புறம் அப்பா, "நீ சொன்னா சரிதான்"ன்னு டம்ளரைக் கீழ வச்சுட்டு மாமாவுக்குப் போன் போட்டார். பையன் வரல தயாளா, இங்க வீட்டுலயே அவனுக்கு வேலை இருக்குன்னார். சொல்லிட்டு டூட்டிக்குக் கிளம்பிட்டார். பாவம், அப்பாவுக்குத் தெரியாம இருந்திருக்கு. பாய்லர்ல மாவு வைக்கிறதில்லையே.

அப்புறமா நானும் யோசிச்சுப் பார்த்தேன், அம்மா சொல்றதுல விஷயம் இருக்குண்ணே. பல்பு ஒரே இடத்துல சுடும். கார்டுல ஃபேன் இருக்கு, சூட்டை எல்லா சட்டிக்கும் சமமா விசிறிவிடும். இப்போ நான் மாவுக்குன்னே தனியா ஒரு செட்டிங் வச்சிருக்கேன், இட்லிக்கு எழுபத்திரண்டு, ஆப்பத்துக்கு அறுபத்தெட்டு. கரண்ட் பில்லை அம்மா மாவுக் காசுல கட்டிடுது. மைனிங்கா? ஓடுது. ஒரு நாளைக்கு ஒரு டீக்குக் காசு வரும். அதுவும் கரண்டு காசைக் கழிச்சு இல்ல, மீட்டரை மறந்துட்டாத்தான்.

ஆனா இதுல ஒண்ணு நல்லதாப் போச்சு. அம்மாவுக்கு இப்பத்தான் மைனிங் மேல நம்பிக்கையே வந்திருக்கு. ஃபேன் கத்துதுன்னு நான் பேச்சுவாக்குலதான் சொன்னேன், போய் நல்லதா வாங்கிட்டு வா, மெஷின் நின்னுடக் கூடாதுன்னு காசைக் கையில திணிச்சு அனுப்பிடுச்சு.

அரவேணு வந்துடுச்சுண்ணே, கொஞ்சம் காலை நகட்டுங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க வீட்டுல மாவு பொங்கலன்னா என்ன வேணா பண்ணுங்க, பல்பு மட்டும் வச்சுடாதீங்க. கசந்துடும்.

என்னது? உங்க வீட்டுல பல்புதானா?

எத்தனை வருஷமா?

கசக்கவே இல்லையா?

...இல்லண்ணே, எங்கம்மா பொய் சொல்லாது. அரிசி வேறயா இருக்கும்.